காலியாக இருந்த பெயர்

…அந்த இணையப் பெயர் காலியாக இருக்கிறது என்று பச்சை எழுத்தில் காட்டியதே, பச்சை என்றால் போகலாம் என்றுதானே அர்த்தம், போனேன், வாங்கினேன், இதில் என் தப்பு என்ன என்று வக்கீலம்மாவிடம் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுத் தொலைத்தேன், அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், அதுவே பாதித் தீர்ப்பு. "காலின்னா அந்த முகவரிய யாரும் வாங்கலைன்னுதான் அர்த்தம் சார். பேருக்கே சொந்தக்காரன் இருப்பான். டிரேட்மார்க் பதிவைத் தேடிப் பாத்தீங்களா?" தேடவில்லை. பின்னால் விற்கலாம் என்று நானூறு இணையப் பெயர்கள் வாங்கிப்போட்டவன், ஒன்றுக்காவது தேடினேனா? 'இணைய மனை முதலீட்டாளர்' என்று பொன்னெழுத்தில் கார்டு அடிக்கத்தான் நேரம் இருந்தது, மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மனைன்னா நாலு மூலைக்கும் கல்லு நடணுமே மச்சான், எங்க நட்டீங்க?" என்றான், வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன், தொலைநோக்கு உள்ளவனை ஊர் அப்படித்தான் பேசும் என்று நானே எனக்கு ஒரு பொன்னாடை போர்த்திக்கொண்டேன்…

இப்போது வக்கீல் அறைக்கு வெளியே, ரெக்சின் கிழிந்த நாற்காலியில், பக்கத்தில் மகள். குமாஸ்தா உள்ளே நகல் எடுக்கிறார். தவழ்கிற வயதில் கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டே வருவாள், டிங்கிலி என்று நான்தான் கூப்பிட ஆரம்பித்தேன், அடுத்த மாதம் அந்தப் பேரில் குழந்தைகள் துணிக்கடை திறக்கிறாள், பலகைகூட எழுதியாகிவிட்டது, பெயிண்ட் வாசனையோடு கடைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. யாருக்குத் தெரியும், எங்கேயோ ஒரு கம்பெனி குழந்தை சோப்புக்கும் துணிக்கும் சேர்த்து அதே பேரை எனக்கு முன்பே பதிந்து வைத்திருக்கும் என்று? பெரிய கம்பெனிப் பேரில் ஒரு எழுத்தைக் கூட்டி வாங்கியதெல்லாம் பேராசை, நோட்டீஸ் வந்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு விட்டுக்கொடுத்தேன், வெட்கமே இல்லை, டிங்கிலி ஒன்றுதான் பாசத்தில் வாங்கியது, இதற்குத்தான் வழக்கு. உள்ளே இதையும் கேட்டுப் பார்த்தேன், "பொண்ணோட செல்லப் பேருன்னு சொல்லலாமே மேடம்?" "சொல்லலாம் சார். அப்புறம் ஏன் அந்த இணையப் பக்கத்துல 'விற்பனைக்கு'ன்னு போர்டு? கீழ சோப்பு விளம்பரம் வேற, அதுவும் அவங்க போட்டிக் கம்பெனியோடது." விளம்பரம் தானாக வருவது, நான் வைக்கவில்லை என்றேன். "கதவு உங்களுது சார்."

போர்டு… கைப்பழக்கம் அது. வாங்கினால் அன்றைக்கே பலகை மாட்டிவிடும் கை, நானூற்றுக்கும் மாட்டியது, இது மகள் பேர் என்று கைக்குத் தெரியுமா? பேர் போகும் என்கிறார் வக்கீலம்மா, கடைப் பலகையும் கிட்டத்தட்ட போன மாதிரிதானாம். மகள் அழுதால் தேவலை, ஃபோனில் இருந்த பலகைப் படத்தை விரலால் பெரிதாக்குகிறாள், சிறிதாக்குகிறாள்.

"யாராவது வந்து கேட்டிருந்தா வித்திருப்பீங்களாப்பா?"

"அந்த விலைக்கு எவன்மா வருவான்?"

அவள் கேட்டது அதையில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். குமாஸ்தா வந்து நகல்களை என் மடியில் வைத்துவிட்டுப் போனார், இன்னும் சூடாக இருந்தது, மேல் தாளில் என் இணையப் பக்கம், பெயர், அதன் கீழே விலை… தனியாக யோசித்துப் போட்டிருப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன், மற்ற எல்லாவற்றுக்கும் போட்ட அதே விலை, ஒரு சல்லியாவது கூட்டிப் போட்டிருக்க மாட்டேனா… அவள் எட்டிப் பார்க்கிறாள், தாளைத் திருப்பி வைக்கலாம், கைதான் நகரவில்லை.