வேறு வண்டியில் ஏறிய வாக்கியம்

காலை ஒன்பது பத்துக்குக் கடைசிப் பிள்ளை இறங்கிப் பள்ளிக்குள் போனது. லொரெட்டா வண்டியின் பின்கோடி வரை நடந்து, ஒவ்வொரு இருக்கையின் அடியிலும் குனிந்து பார்த்தாள். யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. ‘காலி’ என்ற பலகையைப் பின்கண்ணாடியில் மாட்டினாள். அமெரிக்காவின் ஃபோர்ட் வேய்ன் நகரில் பள்ளி பஸ் ஓட்டுபவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். செய்யாதவர்கள் மறுநாள் ஓட்டுவதில்லை.

பணிமனையில் டுவைட் காத்திருந்தான். அவனும் ஓட்டுநர். மதியச் சுற்று வரை இருவருக்கும் வேலை இல்லை. அவளுடைய வண்டியில் ஏறி, பிள்ளைகளின் இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்தான். அந்த உடம்புக்கு வேறு வழியில்லை.

“புத்தகத்தக் குடு. பதினொரு மணிக்குப் பரீட்சை. மூஞ்சியப் பாரு, பல்லு புடுங்கப் போறவ மாதிரி.”

“பல்லு புடுங்கினா ஊசியாவது போடுவாங்க.”

சமுதாயக் கல்லூரியில், மூச்சுச் சிகிச்சைப் படிப்பில், அவளுக்கு ஓர் இடம் இருந்தது. ஆனால் யாரோ எழுதிய பத்திகளைச் சரியாகத் திருத்திக் காட்டினால்தான் அதில் சேர முடியும். பிப்ரவரியில் தவறிவிட்டாள். இன்னும் ஒரு வாய்ப்புதான். இதிலும் தவறினால் அடிப்படை எழுத்து வகுப்பில் ஒரு வருடம். இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவளுக்கு வயது நாற்பத்து நாலு.

டுவைட் அந்த அடிப்படை வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தவன்.

அவன் ஒரு பத்தியை வாசித்தான். தக்காளி நாற்று நடுவது பற்றியது. குழி, தண்ணீர், வெயில். நடுவில் ஒரு வாக்கியம்: ‘அந்த வருடம் என் அண்ணன் வீட்டுக்கு வரவில்லை.’

“இதுல எத நீக்கணும்?”

“தண்ணி ஊத்துறது. ரெண்டு தடவ வருது.”

“தப்பு. அண்ணன.”

“அண்ணன் இருக்கட்டும்.”

“லொரெட்டா, இது தக்காளி பத்தினது.”

“மத்ததெல்லாம் யாரு வேணா எழுதலாம். அது ஒண்ணுதான் ஒரு ஆளு எழுதினது. அவன் ஏன் வரல?”

“அப்படி ஒருத்தன் கெடையவே கெடையாது. பரீட்சைக்குன்னு எவனோ உக்காந்து செஞ்சது.”

“செஞ்சவனுக்கு அண்ணன் இருந்திருப்பான்.”

டுவைட் பக்கங்களைப் புரட்டினான். அவள் தவறவிட்டவை எல்லாம் இதே வகை. இலக்கணம் சரி. வாக்கிய வரிசை சரி. எதையும் வெளியே போட மட்டும் அவளால் முடியவில்லை.

“உன் வண்டில வேற ரூட்டுப் புள்ள ஏறிடுச்சுன்னா என்ன பண்ணுவ?”

“ரேடியோல சொல்லுவேன். அதோட வண்டி வர்ற வரைக்கும் கூட நிப்பேன்.”

“ஆனா எறக்குவல்ல?”

“கையப் புடிச்சுதான் எறக்குவேன்.”

“புடிச்சே எறக்கு. யாரு வேணாங்கறா?”

லொரெட்டா அந்த வரியை மறுபடி பார்த்தாள்.

“அண்ணனோட வண்டி எப்ப வரும்?”

“அது பரீட்சைல இல்ல. டோனட் சாப்பிடு.”

தேர்வறையில் அவளைத் தவிர மூன்று பேர். மூவரும் அவள் மகன் வயது. கணினியில் ஒரு பதிலை உறுதி செய்தால் திரும்பிப் போக முடியாது. பாதி தாண்டியதும் ஒரு பத்தி வந்தது. ஊர் நூலகத்தின் கூரையை எப்படிப் பழுது பார்த்தார்கள் என்பது. நடுவில்: ‘நூலகரின் நாய்க்கு ஒரு கண் தெரியாது.’

அதை இரண்டு முறை வாசித்தாள். சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நாயை நீக்கினாள். அடுத்த கேள்வி வந்தது.

வெளியே மேசையில் இருந்த பெண் ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்தாள்.

“பாஸ், கண்ணு. நல்லாவே பாஸ்.”

“வகுப்பு எப்ப?”

“ஆகஸ்ட்ல. தெனமும் காலைல ஏழரைக்கு. ஒரே பிரிவுதான்.”

லொரெட்டா தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். காருக்குள் கொஞ்ச நேரம் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள்.

பணிமனைக்குத் திரும்பியபோது டுவைட் தன் வண்டியில் இருந்தான். அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். அவன் ஹாரனை அழுத்தினான். பக்கத்து வண்டிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

“இனிமே டாக்டரம்மான்னு கூப்பிடணுமா?”

“மூச்சு மட்டுந்தான் பாப்பேன். உனக்கு வேற டாக்டர் வேணும்.”

“எப்பலேர்ந்து?”

“ஆகஸ்ட். காலைல ஏழர.”

பள்ளி வண்டியின் காலைச் சுற்றும் அந்த நேரம்தான். டுவைட் கையை ஹாரனிலிருந்து எடுத்தான்.

மதியச் சுற்றுக்கு வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. லொரெட்டா தன் வண்டியில் ஏறி, கண்ணாடிகளைச் சரிசெய்து, பலகையைக் கழற்றி உள்ளே வைத்தாள். இன்ஜின் சூடாகும் வரை காத்திருந்தாள். டுவைட் இறங்கி அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான்.

“உன் ரூட்டுப் புள்ளைங்ககிட்ட யாரு சொல்லப் போறா?”