வேலைக்காரியின் கடைசி வசனம்

குளத்தூர் வாசகசாலையின் ஆண்டுவிழா நாடகத்தில் அஜிஷா கேட்டது நாயகி வேடம். கிடைத்தது வேலைக்காரி வேடம். அவளுக்கு இருபத்தாறு வயது. பாறசாலையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்லூரியில் படிக்கும்போது நடிப்புக்காக இரண்டு முறை பரிசு வாங்கியவள்.

நானூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் நடப்பதாக உள்ள சோகக் கதை அது. கறுப்பினத்தவனான கப்பல் தலைவன் ஒருவனை வெள்ளைக்காரப் பிரபுவின் மகள் விரும்பி மணக்கிறாள். அவள் நடத்தையைப் பற்றி யாரோ எழுதிய பொய்க் கடிதத்தை நம்பி, அவன் அவளுக்கு நஞ்சு கொடுத்துவிடுகிறான். தமிழில் எழுதி இயக்கியவர் கல்லூரி ஆசிரியர் சிவபிரசாத்.

தலைவனாக நடித்த ரதீஷ் நல்ல சிவப்பு. மை பூசினால் போதும் என்றார்கள். நாயகி பிந்து, வாசகசாலைத் தலைவர் பொன்னம்பலத்தின் மகள். அவளுக்கு வசனம் மனதில் நிற்காது. ஆனால் வெளுத்த நிறம்.

"சாரே, ரதீஷுக்கு மை பூசலாம்ணா எனக்கு பவுடர் பூசப்படாதா?" என்று அஜிஷா கேட்டாள்.

"அது அப்படி இல்ல மக்கா. நாயகி வெள்ளக்காரியாக்கும். பாக்க வாறவங்க நம்பண்டாமா?"

ஓர் ஆண் கறுப்பாவதற்கு ஒரு டப்பா மை போதும். பெண் மட்டும் வெளுப்பாகவே பிறந்திருக்க வேண்டும். வேலைக்காரிக்குக் கடைசியில் ஒரு நீண்ட வசனம் இருந்தது. இறந்துகிடக்கும் நாயகியின் பக்கத்தில் நின்று தலைவனைக் கேள்வி கேட்கும் இடம். அது போதும் என்று அஜிஷா நினைத்தாள்.

நாடகத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது அந்த வசனம் காணாமல் போனது. புதிய பிரதியில் வேலைக்காரி அலறுகிறாள், திரை விழுகிறது.

"நேரம் இல்ல, அதான்," என்ற சிவபிரசாத் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அஜிஷாவுக்கு எல்லாரும் சந்தேகமாகத் தெரிந்தார்கள். பிந்து சிரித்தால் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறாள். பொன்னம்பலம் சிவபிரசாத்தைத் தனியே கூப்பிட்டுப் பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார். மகளின் சாவுக்குக் கிடைக்கும் கைதட்டலை வேலைக்காரி தட்டிப் பறித்துவிடுவாள் என்று அப்பனும் மகளும் சேர்ந்து வெட்டியிருக்கிறார்கள். பிந்து வசனம் மறந்து திணறியபோது அஜிஷா எடுத்துக்கொடுக்காமல் நின்றாள்.

மூன்றாம் நாள் பிந்து அவளைப் பின்வாசலில் மறித்தாள்.

"நீ என்னத்துக்கு என்னை மொறைச்சிட்டே நடக்க?"

"எனக்க வசனத்தை வெட்டினது ஆருண்ணு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உனக்க அம்மையாக்கும். வீட்டுல வந்து அப்பாகிட்ட கெஞ்சினாவ. அப்பா சார்கிட்ட சொன்னாரு. உனக்குத் தெரியும்ணுல்லா நான் நெனச்சேன்."

அஜிஷாவின் அம்மா சுகிர்தபாய் அங்கன்வாடி ஆசிரியை. மகள் வீட்டுக்கு வந்து கேட்டதும் அவர் மறைக்கவில்லை.

"நிறத்தைச் சொல்லி ரெண்டு எடம் கைவிட்டுப் போச்சு. கள்ளிக்காட்டுல இருந்து மாப்பிள வீட்டுக்காரங்க உன்னைப் பாக்க நாடகத்துக்கு வாறாவ. நீ மேடையில நிண்ணு ஒரு ஆம்பிளைக்க மொகத்துக்கு நேரா சத்தம் போட்டா, அவிய என்ன நெனைப்பாவ?"

"அதை எங்கிட்ட கேக்கப்படாதா அம்மா?"

"கேட்டா நீ விடுவியா?"

மறுநாள் அஜிஷா பிந்துவிடம் மன்னிப்புக் கேட்டாள். தான் செய்யப்போவதையும் சொன்னாள். பிந்து யோசிக்கவேயில்லை. "நான் செத்துக் கெடக்கது தானே? நீ எவ்வளவு நேரம் பேசினாலும் கெடப்பேன்."

விழா மாலையில் கூடம் நிறைந்திருந்தது. இரண்டாம் வரிசையில் சுகிர்தபாய், பக்கத்தில் கள்ளிக்காட்டுக்காரர்கள். நாயகி விழுந்தாள். வேலைக்காரி ஓடிவந்தாள். ஆனால் அலறவில்லை. பக்கவாட்டில் திரைக்கயிற்றைப் பிடித்திருந்த சிவபிரசாத் அதை இழுக்கக் கையை உயர்த்தினார்.

"தலைவரே," என்றாள் அஜிஷா. "உம் நிறத்தைச் சொல்லி இந்தப் பட்டணம் சிரித்தபோது இவள் உம் பக்கம் நின்றாள். கடிதம் எழுதியவனை ஒரு கேள்வி கேட்டீரா? இவளை ஒரு கேள்வி கேட்டீரா? சந்தேகப்பட உமக்கு ஒரு கடிதம் போதுமாக இருந்தது. நம்புவதற்கு இவள் இன்னும் எத்தனை வருஷம் உம்மோடு வாழ்ந்திருக்க வேண்டும்?"

சொல்லும்போதே தரையில் மூச்சடக்கிக் கிடந்த பிந்துவைப் பார்த்தாள். தானும் இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உறைத்தது. குரல் உடைந்தது. கூட்டம் அதை நடிப்பென்று எண்ணியிருக்கும். ரதீஷின் முகத்து மை வியர்வையில் கழுத்துக்கு வழிந்தது. சிவபிரசாத் கயிற்றை இழுக்கவில்லை. வசனம் முழுவதும் முடிந்த பிறகுதான் திரை விழுந்தது.

கள்ளிக்காட்டுக்காரர்கள் சாயா குடிக்க நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தரகர் ஈசாக் போனில் அழைத்தார்: அவர்களுக்கு அடக்கமான பெண் வேண்டுமாம்.

சுகிர்தபாய் போனை வைத்துவிட்டு வந்து மகளுக்குச் சோறு போட்டார். எப்போது திட்டத் தொடங்குவார் என்று அஜிஷா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பேசினப்ப எனக்கு கண்ணு நெறஞ்சு போச்சு," என்றார் சுகிர்தபாய். "ஆனா பயம் போவல்ல மக்கா."

"எனக்கும் போவல்லம்மா," என்றாள் அஜிஷா. "இனி எங்கிட்ட கேட்டுட்டுப் பயப்படுங்க."