பவர் இல்லாத கண்ணாடி

"இது இன்னா சசி?"

"கண்ணாடி."

"கண்ணாடின்னு தெரியுது. யாருது?"

"என்துதான்."

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நீ போட்டுக்கினு இல்லியே."

"நைனா வேணான்னாரு. போட்டா எடம் அமையாதுன்னாரு."

"அப்ப இது இல்லாங்காட்டி உனுக்கு இன்னாதான் தெரியும்?"

"கிட்ட இருந்தா எல்லாம் தெரியும். தூரத்துல தான் தெரியாது."

"நான் தெரியறனா?"

"தெரியறீங்க."

"அது போதும். இத இங்க குடு, பீரோல வெக்கறேன். அக்காவுக்குத் தெரிஞ்சா ஏமாத்திக் கட்டிட்டாங்கன்னு ஊரக் கூட்டிடும். தூரத்துல இன்னா இருந்தா உனுக்கு இன்னா, நான் பாத்துச் சொல்றேன். உன் கண்ணா நான் இருக்கறேன்."

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் விஜய் சொன்னது அது. சசிரேகாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்தக் கடைசி வார்த்தையை அன்றைக்கு எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாளோ, கணக்கே இல்லை. கண்ணாடியை அவளே மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

ஒரு வருடம் அவன் சொன்னபடியே இருந்தான். திருப்புலிவனம் நிறுத்தத்தில் நிற்கும்போது, "உத்திரமேரூர் பஸ்ஸு வருது, கை காட்டு" என்பான். கோயில் திருவிழாவில் எதிரே வருகிறவர்களைப் பார்த்து, "உன் பெரியம்மா வூட்டுக்காரங்க, சிரி" என்று காதோடு சொல்வான். அவளும் சிரிப்பாள். அப்புறம் அவனுக்கு அலுத்துப் போயிற்று. அவன் சொல்லாதபோது அவள் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. விஜய் பொண்டாட்டிக்குத் தலைக்கனம், எதிரில் வந்தாலும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள் என்று ஊரில் பேராகிவிட்டது. கண் தெரியவில்லை என்கிற பேரைவிட அது மேல் என்று விஜய் நினைத்தான்.

அக்காவுக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. விஜய்க்கு அம்மா இல்லாத குறையை, காவாந்தண்டலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவன் அக்கா பவளம் வாரம் ஒருமுறை வந்து தீர்த்துவைப்பாள். ஒருநாள் பீரோவைக் குடைந்தபோது கண்ணாடி அவள் கையில் கிடைத்தது. ஒரு வாரம் திட்டினாள். திட்டி முடித்ததும் அவளுக்கு ஒரு வேடிக்கை தோன்றியது.

அதற்கடுத்த வாரம் சசிரேகா கத்தரித் தோட்டத்துக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போனாள். வரப்பின் கோடியில் யாரோ பெரியவர் நிற்பது போலத் தெரிந்தது. மாமனார் முறையில் யாராவது இருக்கும் என்று முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். ஒதுங்கி நின்றாள். பெரியவர் நகரவில்லை. "கூழு கொண்டாந்துக்கீறேன், கொஞ்சம் வழி வுடுங்க" என்றாள் மரியாதையாக. பம்ப்செட் கொட்டகைப் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். வைக்கோல் பொம்மை. சட்டித் தலைக்கு மூக்கு வைத்து, அதன்மேல் அவளுடைய கண்ணாடியை மாட்டியிருந்தார்கள்.

"உன் கண்ணாடி எங்கியும் போவல சசி," என்றான் விஜய், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே. "சும்மா பீரோல கெடக்கறதுக்குத் தோட்டத்தயாவது பாத்துக்கட்டும்."

அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அதற்கும் பேச்சு வரும்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி அவள் தொண்டையில் தங்கிவிட்டது. கேட்க நேரம் வராமலும் இல்லை. வளைகாப்பின்போது, "ஆசப்பட்டத கேளு" என்று எல்லோரும் சொன்னார்கள். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு நெல்லிக்காய் என்றாள். வேர்க்கடலை நல்ல விலைக்குப் போன வருடம், "இன்னா வேணும் கேளு" என்று விஜய் தானாகவே வந்தான். புடவை என்றாள். அரக்குக் கலரில் எடுத்துக்கொடுத்தான். உன் கண்ணா நான் இருக்கறேன் என்று சொன்னவனிடம் போய்க் கண்ணைக் கேட்பது எப்படி?

மகள் தன்ஷிகாவுக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூட டைரியில் மிஸ் எழுதி அனுப்பியிருந்தார்: போர்டைப் பார்த்து எழுதுவதில்லை, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். காப்பியடிக்கிறாயா என்று விஜய் அவள் முதுகில் ரெண்டு வைத்தான். பிறகு அவள் போனை மூக்கோடு ஒட்டிவைத்துக் கார்ட்டூன் பார்ப்பதைக் கவனித்தான். அதேநேரம் அவனுடைய போனிலும் ஒரு விளம்பரம் வந்தது. ஸ்கிரீன் பார்க்கும் பிள்ளைகளுக்கு நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி.

"போனு தான் எல்லாத்துக்கும் காரணம்," என்று முடிவுகட்டினான். "அந்தக் கண்ணாடி ஒண்ணு வாங்கிட்டா செரியாப் பூடும்."

காரணம் போன் இல்லை என்று சசிரேகாவுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் அவளிடம் இருந்தது. போன வருடம் பள்ளியில் கண் முகாம் நடந்தபோது, "முன்னாடி நிக்கற பிள்ள இன்னா படிக்குதோ அதயே நீயும் சொல்லிடு பாப்பா" என்று சொல்லி அனுப்பியவள் அவள்தான். தன்ஷிகா அப்படியே சொல்லித் தப்பித்து வந்தாள். அன்றைக்கு மகளுக்குக் கேசரி செய்து கொடுத்தாள். தன்னைப் போல அவளும் பேச்சு வாங்கக்கூடாது என்ற ஒரே நினைப்பு. அந்த ஒரு வருடத்தில் போர்டில் எத்தனை எழுதி எத்தனை அழித்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்க இப்போது அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

உத்திரமேரூர் பஜாரில் இருந்த கண்ணாடிக் கடைக்குச் சனிக்கிழமை போனார்கள். பவளமும் வந்து சேர்ந்துகொண்டாள். அவள் மகன் தினேஷ்குமார் நாள் முழுக்க டேப்லெட்டில் படிக்கிறானாம், அவனுக்கும் ஒன்று வேண்டுமாம்.

"புள்ளய கூட்டிக்கினு வரலியா அக்கா?" என்றான் விஜய்.

"பவர் இல்லாத கண்ணாடிக்கு ஆளு எதுக்குடா? மூஞ்சி என் மூஞ்சி தான். எனக்குப் பொருந்தினா அவனுக்கும் பொருந்தும்."

கடையில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண் எழுந்து வந்தாள். விஜய் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீ நம்ம பீட்டர் பொண்ணு ஜெனிஃபர் இல்ல?"

"ஆமா சார்."

"எங்க கொல்லையில உங்கப்பன் நாத்து புடுங்கறப்ப வரப்புல குந்திக்கினு இருப்பியே. கோட்டெல்லாம் போட்டு டாக்டர் ஆயிட்டியா?"

"டாக்டர் இல்ல சார். கண்ணு டெஸ்ட் பண்றதுக்குப் படிச்சிருக்கேன். உக்காருங்க."

அவள் தன்ஷிகாவை மட்டும் கவனித்தாள். மோவாயை ஒரு மெஷினில் வைக்கச் சொன்னாள். மெஷின் கிர்ரென்று ஒரு சீட்டைத் துப்பியது. அதைப் படித்துவிட்டு விஜய்யிடம் திரும்பினாள்.

"பாப்பாவுக்குத் தூரப் பார்வை கொறவா இருக்கு சார். ரெண்டு கண்ணுலயும் மைனஸ் ரெண்டேகால். பவர் கண்ணாடி போடணும்."

"நாங்க அதுக்கு வரல. போன் கண்ணாடி குடு."

"அது வெளிச்சத்துல ஒரு பகுதிய வடிகட்டும், அவ்ளோதான் சார். தெரியாதது அதுல தெரியாது. பாப்பாவுக்கு அது முக்கியமே இல்ல."

"ஒன்பது வயசு பொண்ணுக்கு சோடாபுட்டி மாட்டச் சொல்றியா?" பவளம் குறுக்கே வந்தாள். "போன் கண்ணாடின்னா ஸ்டைலு. பவர் கண்ணாடின்னா கொற. நாளைக்கு எடம் பாக்க வரவங்களுக்கு நீயா பதில் சொல்லுவ?"

"மெஷின் சொல்லுது, நீ சொல்ற," என்றான் விஜய். "கொழந்த சொல்லட்டும். அந்த போர்ட படிக்கச் சொல்லு."

சுவரில் விளக்கெரியும் எழுத்துப் பலகை இருந்தது. தன்ஷிகாவை நாற்காலியில் உட்காரவைத்து, மேல் வரியைப் படிக்கச் சொன்னாள் ஜெனிஃபர். குழந்தை கண்ணை இடுக்கினாள். தனக்கு முன்னால் படித்த பிள்ளை யாராவது இருக்கிறதா என்று தேடுவது போலச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, சொல்லும்மா. அது இன்னா?"

சசிரேகா பலகையைப் பார்த்தாள். வெளிச்சமான ஒரு கட்டம். அதில் கரி பூசியது மாதிரி ஏதோ இருந்தது. அவ்வளவுதான். தாயும் மகளும் ஒரே மாதிரி கண்ணை இடுக்கியதை ஜெனிஃபர் பார்த்துவிட்டாள்.

பவளத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போயும் போயும் உங்கம்மா கிட்ட கேட்டியே. சோத்துல கல்லு கெடந்தாலும் முத்துன்னு போட்டுடுவாளே."

சோற்றில் கல் கிடந்தால் சசிரேகாவுக்குத் தெரியும். கிட்டே இருக்கிற எல்லாமே அவளுக்குத் தெரியும். பதினோரு வருடமாகப் பவளம் இதையே சொல்கிறாள், அவளும் திருத்தியதில்லை.

"அக்கா, நீங்களும் ஒரு தடவ உக்காருங்களேன். பாத்துடலாம்," என்றாள் ஜெனிஃபர் சசிரேகாவிடம், தணிந்த குரலில்.

"அவளுக்கு எதுக்கு? நானே டெஸ்ட் பண்றேன் பாரு," என்று விஜய் எழுந்தான். வீட்டில் விருந்தாளி இல்லாத நாளில் அவன் ஆடும் ஆட்டம் அது. இன்றைக்குக் கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அவன் படியிறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கத்து டீக்கடை வாசலில் போய் நின்றான். அங்கிருந்து குரல் கொடுத்தான்.

"சசி, எத்தன?"

வெள்ளைச் சட்டை தெரிந்தது. அதற்கு மேலே கை மாதிரி ஏதோ தூக்கியிருந்தது. பெரும்பாலும் ரெண்டு காட்டுவான்.

"ரெண்டு," என்றாள்.

"வெரலே காட்டலடி. டம்ளர் புடிச்சிக்கினு கீறேன்."

டீக்கடையே சிரித்தது. கடைக்குள் இருந்தவர்களில் ஒருவரும் சிரித்தார். தன்ஷிகாவும் சிரித்தாள். அது வீட்டில் பழகின சிரிப்பு, அப்பா இந்த ஆட்டம் ஆடினால் சிரிக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

விஜய் திரும்பி வந்து கண்ணாடிகளைப் பார்க்கத் தொடங்கினான். கடை முதலாளி ஒரு சின்ன பேனா டார்ச்சை எடுத்து வந்து வித்தை காட்டினார். சாதாரணக் கண்ணாடி வழியே அடித்தபோது அட்டையில் நீலப் புள்ளி விழுந்தது. போன் கண்ணாடி வழியே அடித்தபோது புள்ளி காணாமல் போயிற்று. விஜய் அந்த டார்ச்சை வாங்கித் தானே மூன்று தடவை அடித்துப் பார்த்தான்.

"பாத்தியா அக்கா, நிக்குது பாரு. உள்ள போவல."

"அது நிக்கறதுனால போர்டு தெரியாது சார்," என்றாள் ஜெனிஃபர்.

"உங்கப்பன் இப்டி எதுத்துப் பேச மாட்டானே," என்றான் விஜய், டார்ச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். முதலாளி அவளைப் பார்த்து உள்ளே போகும்படி தலையசைத்தார். ஜெனிஃபர் போகவில்லை. அந்தச் சீட்டை மேசையில், சசிரேகாவின் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

சிவப்பு வேண்டாம், கறுப்பு வேண்டாம் என்று பவளம் தள்ளித் தள்ளி, கடைசியில் ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்து தன்ஷிகாவின் முகத்தில் மாட்டினாள். குழந்தைக்கு அது அழகாகத்தான் இருந்தது.

"இரு, இப்ப இதயும் டெஸ்ட் பண்ணிடுவோம். பீட்டர் பொண்ணுக்கு நம்பிக்க வரட்டும்."

விஜய் மறுபடி சாலையைக் கடந்தான். டீக்கடை வாசலில் நின்று கையைத் தூக்கினான்.

"பாப்பா, எத்தன?"

தன்ஷிகா வாசற்படியில் நின்று எதிரே பார்த்தாள். பிறகு அவள் தலை லேசாக, மிக லேசாக, பவளம் பக்கம் திரும்பியது. பவளம் இடுப்பை ஒட்டி, புடவை மடிப்புக்குள் மூன்று விரலை நீட்டிவைத்திருந்தாள்.

சசிரேகா அதைப் பார்த்தாள். கை நீட்டினால் தொடும் தூரம். விரலில் இருந்த நெளி மோதிரமும், நகத்தில் பாதி உதிர்ந்த மருதாணியும்கூடத் தெரிந்தன.

"மூணு ப்பா," என்றாள் தன்ஷிகா.

"பாத்தியாம்மா ஜெனிஃபர். ஒரு கண்ணாடில கிளீரா ஆயிடுச்சி," என்று சாலைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"எங்க வூட்டுப் பொண்ணு பேர நான் வுட்டுக்குடுப்பனா?" என்று பவளம் சசிரேகாவின் காதில் முணுமுணுத்தாள். அதைப் பாசமாகவே சொன்னாள். பவளத்துக்கு அதுதான் பாசம்.

"நல்லாத் தெரியுதா பாப்பா?" என்றான் விஜய்.

"நல்லாத் தெரியுது ப்பா."

குழந்தை சிரித்தாள். வாய் மட்டும் விரிந்து, கண் யாரையும் பார்க்காத சிரிப்பு. தினமும் காலையில் ரசம் போன கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டு வைக்கும்போது சசிரேகா கிட்டத்தில் பார்க்கிற முகம் அது.

அவள் கை தானாக நீண்டது. மகளின் முகத்திலிருந்து ரோஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பக்கத்திலிருந்த சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஏய், இன்னாடி பண்ற?" என்றாள் பவளம்.

சசிரேகா வாசற்படிக்கு வந்தாள். எதிரே டீக்கடையில் இரண்டு மூன்று வெள்ளைச் சட்டைகள் இருந்தன. அவற்றில் எது விஜய் என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரும் பார்த்துச் சொல்லவும் இல்லை. நடுவில் நின்ற சட்டையைப் பார்த்து, டீக்கடைக்கும் கேட்கும்படி, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இன்னாங்க, எனக்குக் கண்ணாடி வேணும். பவர் கண்ணாடி. எம்பொண்ணுக்கும் வாங்கிக் குடுங்க."