நாற்பத்திரண்டாவது வரி

முதலிபாளையத்து பனியன் கம்பெனி ஒன்று பேங்க் கடனுக்காகப் போட்டிருந்த ஐந்து வருஷக் கணிப்பைச் சரிபார்க்கும் வேலை சித்ரகலாவிடம் வந்தது. ஆடிட்டர் சுரேந்தரின் ஆபீசில் எக்செல் பைல் என்றாலே அவளிடம்தான் தள்ளுவார்கள். லாபம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு பார்முலாவாகப் பின்னால் போய்ப் பார்க்கிற பொறுமை வேறு யாருக்கும் கிடையாது.

மொத்தச் செலவுக்கு வந்ததும் கை நின்றது. கூட்டல் நாற்பத்தோராவது வரியோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே சாயக் கழிவுநீர்க் கட்டணம், மாதம் நாலரை லட்சம். அது கூட்டலில் சேரவே இல்லை. அத்தனையும் லாபமாக நின்றது.

பைலை உருவாக்கியவர் பெயரைத் திறந்து பார்த்தாள். ‘சித்ரா’ என்றிருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன் வேலுமணியின் கம்பெனியில் கணக்கு பார்த்தபோது அவளே போட்ட பைல். கழிவுநீர்க் கட்டணத்தை வேலுமணி கடைசி நேரத்தில்தான் ஞாபகப்படுத்தினார். கீழே ஒரு வரி சேர்த்தவள் கூட்டலை அந்த வரிவரை இழுத்துவிட மறந்திருக்கிறாள். அந்தப் பைல்தான் ஆள் மாறி ஆள் மாறி இங்கே வந்திருக்கிறது.

அதை நம்பித்தான் வேலுமணி புது மிஷின்கள் எடுத்தார். பைல் லாபம் காட்டியது, பேங்கில் பணம் நிற்கவில்லை. நூல் கொள்முதலைப் பார்த்துக்கொண்ட தம்பி தங்கவேலுதான் காசு அடிக்கிறார் என்று முடிவுகட்டி, ஆட்கள் முன்னால் திருடன் என்று சொல்லி வெளியே அனுப்பினார். மறு வருஷம் கம்பெனியை மூடினார். அதற்குள் சித்ரகலா ஆடிட்டர் ஆபீசுக்கு மாறியிருந்தாள்.

சுரேந்தர் முழுதாகக் கேட்டார். “இந்தக் கம்பெனிக்குத் திருத்தி நோட் போடுங்க. பழச யாரு கேட்டாங்க? உங்க பேரு கெட்டா என் ஆபீஸ் பேருந்தானுங்க கெடும்.”

அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் வேலுமணி வீட்டுக்குப் போனாள். முன்னறையில் பழுதென்று கழித்த செகண்ட்ஸ் பனியன் விற்றுக்கொண்டிருந்தார். காகிதத்தை வைத்து வரி வரியாகக் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டு விரலால் கூட்டிப் பார்த்தார். இரண்டாம் தடவையும் கூட்டினார்.

“கம்ப்யூட்டர்ல ஆயிரம் இருக்கும் அம்மிணி. அவன்தான் எடுத்தான். என் கண்ணால பாத்தேன்.”

“என்னங்க பாத்தீங்க?”

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவள் கிளம்பியபோது வாசல் வரை கூடவே வந்தார்.

“தங்கவேலுகிட்ட இதச் சொல்லீராதீங்க. எங்கம்மா சாவுக்குக்கூட அவன ஊட்டுக்குள்ள உடலீங்க நான்.”

“சரிங்க” என்றாள். சொன்னதும் நெஞ்சு லேசானது. அப்படி லேசானதை நினைத்துத்தான் வழியெல்லாம் குமைந்தாள்.

இரண்டு வாரம் பொறுத்து, பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலுக்குப் போனாள். தங்கவேலு அங்கே ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். டீ நேரத்தில் வெளியே வந்தவர் அவளை அடையாளம் கண்டு சிரித்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“வா கண்ணு! ஏது இந்தப் பக்கம்?”

“சும்மாதானுங்க. ஒரு ஆடிட் வேலை.”

“அண்ணன் நல்லாருக்கறாரா? பாத்தியா?”

“நல்லாருக்காருங்க.”

“அண்ணன் என்ன வெளிய அனுப்புன அன்னிக்கு அத்தன பேரு நின்னாங்க. நீ ஒருத்திதான் அழுத” என்றார். டீ வந்தது. கணக்குக் காகிதத்தைப் பையிலிருந்து எடுக்காமலே முழுவதையும் குடித்தாள். காசை அவரே கொடுத்தார்.