பேய் வலை

சிவசங்கர் கரையில் நின்று கடலைப் பார்த்துக் கைநீட்டிப் பேச ஆரம்பித்தாலே வெண்ணிலாவுக்கு எரிச்சல் வரும். அவருடைய அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் அந்தப் பேச்சுக்குத் தலையாட்டியவள்தான். கோட்டைக்குப்பத்தில் பிறந்து கடல் உயிரியல் படித்த பெண் என்று மேடைக்கு மேடை அவளை நிறுத்திக் காட்டியபோதுதான், பேனர், மைக்செட்டோடு தன்னையும் ஒரு சாமானாக வண்டியில் ஏற்றிக்கொண்டு திரிகிறார் என்று புரிந்தது.

வேலை என்னவோ நல்ல வேலைதான். அறுந்துபோன, கைவிட்ட வலைகள் கடலடியில் கிடந்து, இழுக்க ஆளில்லாமலே மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துச் சாகடித்துக்கொண்டிருக்கும். பேய் வலை என்று அதற்குப் பெயர். ஏரி கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்கு வெளியே கிடக்கும் அந்த வலைகளைத் தேடி எடுக்க வேண்டும். இதற்குப் பணம் கொடுத்த கம்பெனிக்காரர்கள் கேமராவோடு பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் வருவதற்கு முதல் நாள்வரை ஒரு முழம் வலைகூட அகப்படவில்லை. தண்ணீர் அப்படிக் கலங்கிக் கிடந்தது. முங்கினவர்களுக்குத் தங்கள் கையே தெரியவில்லை.

"தெளிஞ்ச பிறகு வரச் சொல்லலாம் சார்" என்றாள் வெண்ணிலா.

"அவங்க டிக்கெட் போட்டாச்சும்மா" என்றார் சிவசங்கர். "தண்ணி தெளியுற வரைக்கும் அவங்க மனசு தெளிவா இருக்குமா?"

நேராகச் சகாதேவனிடம் போனார். சகாதேவன் வெண்ணிலாவின் சித்தப்பா, அறக்கட்டளையின் பைபர் படகை ஓட்டுகிறவர். வீட்டுக்குப் பின்னால் கிடந்த கிழிந்த நண்டு வலையை அவர் சுருட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே கல் கட்டி முகத்துவாரத்துக்கு வெளியே இறக்கினார்கள், காலையில் வெளியே எடுப்பதற்காக.

"நாமளே வலையப் போடறதா சார்?"

"ஒரு ராத்திரிதானே. என்ன செத்துடப் போகுது?"

விவரம் தெரியாத ஆளாக இருந்திருந்தால் அவள் மன்னித்திருப்பாள். அவர் பட்டம் வாங்கினதே பேய் வலைகளைப் பற்றி எழுதித்தான். தெரிந்தவன் செய்கிற அயோக்கியத்தனத்துக்குத் தனி நாற்றம் உண்டு என்று அவளுக்குத் தோன்றியது. சித்தப்பாவையும் அவள் விடவில்லை.

"இன்னாத்துக்கு சித்தப்பா குடுத்தே?"

"கிழிஞ்ச வலை, எலி கடிச்சிக்கினு கெடந்துது. படிச்சவங்களே போடச் சொல்றாங்கோ. எனக்கு இன்னா வந்துது?"

காலையில் கம்பெனிக்காரர்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் படகேறினார்கள். வலை போட்ட இடத்தில் வலை இல்லை. ராத்திரி வற்றத்தில், கடல் உள்வாங்கியபோது, ஏரித் தண்ணீர் கடலுக்குப் பாய்ந்த வேகத்தில் கல்லோடு அதை இழுத்துக்கொண்டு போயிருந்தது. வெண்ணிலா தண்ணீரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சிவசங்கருக்கோ முகம்கூட மாறவில்லை. சகாதேவன் தொழிலுக்கு வைத்திருந்த நல்ல வலையைப் படகின் அந்தப் பக்கமாக இறக்கி, இந்தப் பக்கமாக இழுக்க வைத்தார். ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே என்று கேமராக்காரன் முகம் சுளித்தான். ஏரிப்பக்கம் போய்ப் பாசி அள்ளிவந்து பூசினார்கள். கம்பெனி அம்மாள் ஒருத்தி அந்தப் பாசியைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினாள். வெண்ணிலாவும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிஷம் படகிலிருந்த எல்லாரையும் வெறுத்த வெறுப்பில் தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் காணாமல் போன வலை கிடைத்தது. மீன் பாடோடு திரும்பிக்கொண்டிருந்த ஊர்க்காரர் அந்தோணிசாமியின் படகை முகத்துவாரத்திலேயே அது பிடித்தது. இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொள்ள, இன்ஜின் நின்றது. பின்னால் வந்த அலை படகைக் கவிழ்த்து மணல் திட்டில் அடித்து உடைத்தது. கூடப் போன மச்சான் நீந்திக் கரையேறினான். அந்தோணிசாமிக்குத் தோள் எலும்பு முறிந்தது. விசிறியிலிருந்து அறுத்துப் போட்ட வலையில் சினை நண்டுகள் உதிரி உதிரியாகச் செத்துக் கிடந்தன. நடுவில் ஒரு ஆமை, கழுத்து வீங்கி.

சேதி கேட்டதும் சிவசங்கர் கேமராவோடு வந்து இறங்கினார். வலைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பொறுப்பில்லாத மனிதர்களைப் பற்றித் தொண்டை கரகரக்கப் பேசினார். கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அந்தோணிசாமி பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிவசங்கர், இந்த மண்ணின் மகள் நாலு வார்த்தை பேசுவாள் என்று வெண்ணிலாவை முன்னால் தள்ளினார்.

"இது எங்க வலை" என்றாள் வெண்ணிலா. "யாரும் வுட்டுட்டுப் போனதில்ல. நாங்க கொண்டாந்து போட்டது. இதோ நிக்கிறாரே, இவர்தான் போடச் சொன்னார். எங்க சித்தப்பா குடுத்தார். நான் பாத்துக்கினு நின்னேன்."

"கேமராவ நிறுத்துப்பா. பாவம், ரொம்ப வேலை அவளுக்கு" என்றார் சிவசங்கர், அப்பாவைப்போல.

அந்தோணிசாமி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சகாதேவனிடம் கேட்டார்: "மெய்யா?"

சகாதேவன் கடல் பக்கம் பார்த்தார். "சாரு கேட்டாரு" என்றார்.

அன்றைக்கே ஊர்க்கூட்டம் கூடியது. அறக்கட்டளைப் படகை இன்ஜினோடு அந்தோணிசாமிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். போலீசுக்குப் போவேன் என்றார் சிவசங்கர். "கூட்டிக்கினு வாங்க சார், வலையக் காட்டறோம்" என்றார் ஊர்த் தலைவர். சிவசங்கர் காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். சகாதேவன் அந்தப் பருவம் முழுக்கக் கடலுக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள். சித்தி வந்து அழுதாள். வெண்ணிலாவுக்கு இரக்கம் வரவில்லை, வரவழைக்கவும் பிடிக்கவில்லை. மறுநாளே வேலையை விட்டாள்.

இப்போது மீஞ்சூரில் ரயிலேறிச் சென்னையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் வருகிறாள். ஒருநாள் பிளாட்பாரத்தில் நின்றிருந்தபோது சிவசங்கர் போன் செய்தார். ஒன்றுமே நடக்காததுபோலப் பேசினார்.

"படம் பிரமாதமா வந்திருக்கு வெண்ணிலா. நீ பேசுற இடத்துல குரலை எடுத்துட்டு மியூசிக் போட்டுட்டோம். முகத்துல என்ன ஒரு சோகம், பாத்தவங்க எல்லாம் கேட்டாங்க. அடுத்தது ஏரியில கடல்புல் நடப் போறோம். நீ இருந்தா நல்லாருக்கும்."

"நடறதுக்கு எடம் வேணுமே சார். இருக்கறதப் புடுங்கியாச்சா?"

அவர் சிரித்தார். தமாஷ் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கப் பிடிக்காமல் அவள் போனை வைத்துவிட்டு வந்த ரயிலில் ஏறினாள்.