ஐந்து பேருக்கு நான்கு பெட்டி

"உள்ள போனதுமே இருமாதீங்க மாமா. டாக்டர் ஏதாவது கேட்டப்புறம் இருமுங்க. போன தடவை கதவைத் திறக்கும்போதே ஆரம்பிச்சுட்டீங்க."

மருமகள் இதைப் பழைய வாரப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். பார்ப்பவர்களுக்கு அவள் ஏதோ துணுக்கை வாசித்துக் காட்டுவதுபோல் இருந்திருக்கும்.

"இருமல் என்ன ஹாரனா, வேணுங்கறப்ப அமுக்கறதுக்கு?" என்றார் செக்கர்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்று ஏழெட்டு வருடங்கள் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் செக்கர்தான். இருமல் நிஜம். பெட்டி வாசலில் நின்று விழுங்கிய புழுதியும், விட்டுவிட்ட சிகரெட்டும் சேர்ந்து நெஞ்சில் கொடுத்துவிட்டுப் போனது அது. பொய் என்பது காய்ச்சல் மட்டும்தான். அதற்காக மருமகளின் கைப்பையில் துண்டு சுற்றிய வெந்நீர்ப் பை ஒன்று இருந்தது. டோக்கன் எண் நெருங்கும்போது அவர் அதை வாங்கிக்கொண்டு கழிவறைக்குப் போய், நெற்றியில் அழுத்திப் பிடித்தபடி கண்ணாடியைப் பார்த்து நிற்பார். கண்ணாடியில் தெரியும் கிழவனை, வேலையில் இருந்த நாட்களாக இருந்தால், இரண்டாவது பார்வையிலேயே பிடித்திருப்பார்.

யோசனை மருமகளுடையது. அவள் கோழித் தீவனக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள். தீவனம் வாங்கும் பண்ணைகளில் மூன்று ஒரே வாரத்தில் ஆர்டரை நிறுத்தின. காரணம் கேட்டுப் போன விற்பனைக்காரர், பண்ணைக்குப் பின்னால் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிக்கொண்டிருந்ததையும், தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் தன்னை வாசலிலேயே திருப்பி அனுப்பியதையும் வந்து சொன்னார். அங்கே வேலை பார்த்த ஒருவர் மருத்துவமனையில் இருப்பதாகவும் கேள்வி. செய்தியில் ஒரு வரிகூட வரவில்லை. "செய்தியில வந்தப்புறம் கடையில இருக்காது" என்றாள் மருமகள். கோழிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் அந்தப் பறவைக் காய்ச்சலுக்கென்று ஒரு மாத்திரை இருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் கொடுக்கமாட்டார்கள். உடம்பு நன்றாக இருப்பவருக்கு மருத்துவர் சீட்டு எழுதமாட்டார். வீட்டில் நம்பும்படியாக இருமக்கூடியவர் ஒருவர்தான்.

இந்த மருத்துவர் நாலாவது ஆள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரைச் சற்று நேரம் பார்த்தார். அந்தப் பார்வை செக்கருக்குத் தெரிந்த பார்வை. முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்க்கும் பார்வை அது. பொய் சொல்கிறவனின் கைகளுக்கு எங்கே இருப்பதென்று தெரியாது. செக்கர் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"கோழி, வாத்துன்னு ஏதாவது பக்கத்துல போனீங்களா?"

"மருமக ஆபீஸ் வேலையா ஒரு பண்ணைக்குப் போனா. துணைக்குப் போயிருந்தேன்." பிறகு இருமினார். இருமல் பாதியில் நிஜமாகிவிட்டது. மருத்துவர் நம்பினாரா இல்லையா என்று கடைசிவரை தெரியவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டார்.

மருந்துக் கடையில் பெட்டியின்மேல் அவர் பெயரும் வயதும் அச்சிட்ட தாளை ஒட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மருமகள் அதைத் துணி அலமாரியின் மேல்தட்டில், கம்பளிகளுக்குப் பின்னால், மற்ற மூன்றோடு சேர்த்து வைத்துப் பூட்டினாள். அந்த அலமாரி அதற்கு முன்பு பூட்டப்பட்டதே இல்லை.

"போதும் மாமா. இனிமே நீங்க அலைய வேண்டாம்."

போதும் என்ற அந்தச் சொல் அவருக்குள் எங்கோ இடறியது. மறுநாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கே என்று தெரிந்தது. வீட்டில் மகன், மருமகள், பேத்திகள் இரண்டு பேர், அவர். பெட்டி நாலு. தலைகளையும் டிக்கெட்டுகளையும் பொருத்திப் பார்ப்பது அவர் வாழ்நாள் தொழில். கணக்கு உதைத்தால், நின்றுகொண்டிருக்கும் கடைசி ஆளைப் போய்ப் பார்க்க வேண்டும். டிக்கெட் இல்லாதவன் பெரும்பாலும் அவன்தான்.

அடுத்த அறையில் மகன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டது காதில் விழுந்தது. "நமக்குப் போதுமா?"

"போதும். கணக்கு சரியா வருது."

யாருடைய கணக்கு? பிளேடை ஓடவிட்டபடியே யோசித்தார். மகனுக்கு இந்த விஷயத்தில் குரலே இல்லை. லிப்ட் பழுதுபார்க்கிறவன், கயிறு அறுந்தால் தவிர வாயைத் திறக்காதவன். அந்த வாரத்தில் மருமகள் சாப்பாடு போடும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "அண்ணி போன் பண்ணாங்க மாமா. உங்களைப் பாக்கணும்னு இருக்காம். போய் ஒரு மாசம் இருந்துட்டு வாங்களேன்." மகள் வீடு ஒரு ராத்திரிப் பயணம். இத்தனை வருடமாகத் தோன்றாத ஆசை மகளுக்கு இப்போது எப்படித் தோன்றியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதிலை நம்புவதா என்ற தலைவலி அதற்கப்புறம் வரும். அவள் கொடுத்த தட்டில் எப்போதும்போல எல்லாம் சூடாக இருந்தது. அதுவும் சந்தேகமாகத்தான் பட்டது.

அடுத்த திங்கள்கிழமை நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டு அவர் தனியாகக் கிளம்பினார். ஊரின் மறுகோடியில் ஒரு சின்ன மருத்துவமனை. வெந்நீர்ப் பை தேவைப்படவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் வேகமாக நடந்ததே போதுமாக இருந்தது. மருத்துவர் இளம்பெண். கைகளைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள்.

"வீட்டுல பாத்துக்க யாரு இருக்காங்க ஐயா?"

"யாரும் இல்லம்மா" என்றார். யாரும் சொல்லிக்கொடுக்காத பொய் அது. அவள் உடனே சீட்டை எழுதினாள்.

மாட்டியது மருந்துக் கடையில். கடைக்காரர் திரையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஐயா, இந்த மாசத்துல உங்க பேருக்கு இது அஞ்சாவது. எந்தக் கடையில வாங்குனாலும் இதுல காட்டும். முழுங்குறீங்களா, விக்கிறீங்களா?"

வரிசையில் பின்னால் நின்ற பெண் தன் குழந்தையைக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்திக்கொண்டாள். டிக்கெட் இல்லாதவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாமே செக்கருக்கு மனப்பாடம். பர்ஸ் தொலைந்துவிட்டது, இப்போதுதான் ஏறினேன், இப்படி. அவற்றில் மிகவும் பழையது, சொல்கிறவனே நம்பாதது ஒன்று உண்டு. அதுதான் அவர் வாயில் வந்தது.

"மருமககிட்ட இருக்கு."

"அப்ப அவங்களையே கேட்டுடறேன்" என்று கடைக்காரர் திரையிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தார். சீட்டைத் திருப்பித் தரவில்லை.

வீட்டில் மருமகள் சமையலறையில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து பாதியில் வந்திருந்தாள், தோள்பையைக்கூடக் கழற்றவில்லை.

"யாருக்கு மாமா அது?"

அவர் தண்ணீர் குடித்தார்.

"மாடி வீட்டு அம்மாவுக்கா? சீட்டாடப் போறப்ப அலமாரியில இருக்கறதையெல்லாம் சொல்லிட்டீங்களா? நாளைக்கு ஒண்ணுன்னா இந்தக் கட்டடமே நம்ம கதவைத்தான் வந்து தட்டும்."

"அவளுக்கு எதுக்கு? எனக்குத்தான்."

"உங்களுக்குத்தான் இருக்கே!"

"எதுல இருக்கு? நாலு பெட்டி. அஞ்சு தலை."

கத்தி நின்றது. "நாலுலயும் உங்க பேருதானே மாமா ஒட்டியிருக்கு?"

"பேரு என்னோடது. மருந்து யாரோடது?"

அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருந்தது, அதை அவரால் படிக்க முடியவில்லை. பிறகு சிரித்துவிட்டாள். "ஐயோ மாமா. பிள்ளைங்களுக்குப் பாதிதான். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பெட்டி. எனக்கொண்ணு, அவருக்கொண்ணு, உங்களுக்கொண்ணு. இதை வாயைத் திறந்து கேக்கறதுக்கு என்ன? ஊரெல்லாம் போய் இருமிட்டு வந்திருக்கீங்க!"

அரை டிக்கெட்.

செக்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரயில் பெட்டிக்குள் நுழைந்ததும் முதலில் பிள்ளைகளைக் கழித்துவிட்டுத்தான் தலைகளை எண்ணுவார். அந்த ஆள், சொந்த வீட்டில், பேத்திகளை முழு டிக்கெட்டாக எண்ணியிருக்கிறார். காது சுட்டது. வீட்டில் யாருமில்லை என்று அந்த இளம் மருத்துவரிடம் சொன்னது நினைவுக்கு வந்து இன்னும் சுட்டது. மருமகள் ஒரு துண்டுக் கேரட்டை அவர் பக்கம் நீட்டினாள். வாங்கி மென்றார்.

"பாதின்னா, எந்த வயசு வரைக்கும்?"

"வயசு இல்ல மாமா, எடை. நாப்பது கிலோ தாண்டினா பெரியவங்க அளவு, முழுசா ஒரு பெட்டி."

"பெரியவ எவ்வளவு இருப்பா?"

"முப்பத்தேழு."

பதில் சட்டென்று வந்தது. பிள்ளையின் வயதைக் கேட்டால் உண்மை சொல்கிற தாய் ஒரு நொடி யோசிப்பாள். வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு வந்தவள்தான் உடனே சொல்வாள். முழங்கால் எதிர் இருக்கையை இடிக்க உட்கார்ந்திருக்கும் பையன்களைக் காட்டி, "இன்னும் பன்னெண்டு முடியல சார், ஆள்தான் வளத்தி" என்ற எத்தனை பேரைப் பார்த்தவர் அவர்.

"எப்ப பாத்தது?"

"போன லீவுல." இந்த முறை யோசித்துச் சொன்னாள். "லீவுக்கு முன்னாடியோ என்னமோ."

வாசலில் பெரியவளின் புதுச் செருப்புகள் கிடந்தன. பழையது கடிக்கிறது என்று அழுது வாங்கியவை. மருமகள் அவற்றைப் பார்த்ததையும், தான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டதையும் செக்கர் கவனித்தார். மகள் வீட்டுப் பேச்சை அவள் மறுபடி எடுப்பாளா என்று காத்திருந்தார். அவள் எடுக்கவில்லை. நறுக்கியதையே மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பள்ளி விட்டுப் பெரியவள் வந்தபோது குளியலறையில் கிடந்த எடை இயந்திரம் கூடத்தின் நடுவில் இருந்தது. அதை எடுத்துப் போட்டதில் இருவருக்குமே பங்கு இருந்தது; அவர் தேடினார், அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"என்ன தாத்தா, நான் குண்டாயிட்டேனா?"

"ஏறி நில்லு, பாக்கலாம்."

"அம்மா, இவரைப் பாரேன், ரயில்ல பிடிச்ச மாதிரி முறைக்கிறாரு." சிரித்துக்கொண்டே ஏறினாள். முள் துள்ளி நாற்பதைத் தாண்டி ஓடியது.

"பையை இறக்கு!" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவள் தோளைச் சாய்த்துப் பையைத் தரையில் போட்டாள். முள் பின்வாங்கியது, மறுபடி முன்னால் போனது. செக்கர் ஒரு பக்கமும் மருமகள் மறுபக்கமும் குனிந்தார்கள். இருவரின் தலைகளும் முட்டிக்கொள்ளும் தூரத்தில் இருந்தன.

"ஆடாம நில்லு" என்றாள் மருமகள்.

"நான் எங்கம்மா ஆடறேன்? அதுதான் ஆடுது."

கண்ணாடிக்கு அடியில் முள் நாற்பதின் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தது. செக்கருக்கு இருமல் வந்தது. இருமினால் முள் அசைந்துவிடும் என்பதுபோல, வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தபடியே இருந்தார்.