கற்பூரமரப் பெட்டியில் வளர்ந்த கூந்தல்

பான் ஷியாங்கின் தலையிலிருந்து வெட்டியெடுத்த கூந்தல் அவள் அம்மாவின் கற்பூரமரப் பெட்டிக்குள் மாதம் அரை அங்குலம் வளர்ந்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஷியாங் பஸ் ஏறிப் போன மூன்றாவது மாதம் பெட்டி மூடியின் இடுக்கில் முடி நீட்டிக்கொண்டிருந்தது. எலி இழுத்திருக்கும் என்று அம்மா குவெய்லான் அதை உள்ளே திணித்தாள். அடுத்த மாதமும் நீட்டிக்கொண்டிருக்கவே அளவுகோலை எடுத்து அளந்தாள். இரண்டு அங்குலம் கூடியிருந்தது. அந்த ஆண்டு எங்கள் மலையில் மழை பொய்க்கவில்லை, பன்றிக்குட்டிகள் எல்லாம் பிழைத்தன, ஷியாங்கின் கூந்தல் வளர்ந்தது. ஊரில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

எங்கள் பெண்கள் பதினெட்டு வயதில் ஒரே ஒருமுறைதான் முடி வெட்டிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு கத்தரிக்கோல் அவர்கள் தலைப்பக்கமே வரக்கூடாது. வெட்டியதைச் சிவப்பு நூலால் கட்டிப் பெட்டியில் வைப்போம். சீப்பில் உதிர்வதையும் தூக்கிப்போடாமல் சேர்த்து வைப்போம். கல்யாணத்துக்குப் பிறகு தலையில் வளர்வது, வெட்டியது, உதிர்ந்தது என்று மூன்று பிரிகளையும் சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். எங்கள் பெண்கள் தங்களுடையது எதையும் இழப்பதில்லை என்று வெளியூர்க்காரர்களிடம் பீற்றிக்கொள்வோம். செங்குத்தான வயலையும் பன்றியையும் தவிர எங்களிடம் பீற்றிக்கொள்ள வேறென்ன இருக்கிறது?

குவெய்லான் தலை கழுவக் காய்ச்சும் கழுநீர் அக்கம்பக்கத்து ஊர்களிலும் பேர் பெற்றது. பசையரிசியை இரண்டாம் தடவை களைந்த நீரில் பம்ப்ளிமாஸ் தோல், இஞ்சி, தேயிலை விதைப் பிண்ணாக்கு எல்லாம் போட்டுக் காய்ச்சி, ஜாடியில் ஊற்றி, அடுப்பின் கதகதப்பில் புளிக்க விடுவாள். அவள் ஆற்றில் இறங்கினால் மீனெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் என்று பக்கத்து வீட்டு யாவ்மெய் கேலி செய்வாள். ஆனால் ஐம்பத்தைந்து வயதிலும் குவெய்லானின் கூந்தல் குதிகாலைத் தொட்டது, அதில் ஒரு நரை கிடையாது. ஷியாங்குக்கு ஒன்பது வயதானபோது வயல்வரப்பு சரிந்து அவள் அப்பாவைக் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு மகளுக்குச் சோறு போட்டதும் தலை கழுவிவிட்டதும் திட்டியதும் குவெய்லான் ஒருத்திதான். மூன்றையும் குறைவைக்காமல் செய்தாள்.

இருபது வயதில் ஷியாங் குவாங்சோ நகரத்தில் ஒரு முடி அலங்காரக் கடைக்கு வேலைக்குப் போனாள். கூந்தலைத் தொடவே கூடாத ஊரில் பிறந்த பெண், ஊரான் கூந்தலை வெட்டிப் பிழைக்கப் போகிறாளே என்று குவெய்லான் பஸ் நிற்கும் இடம்வரை திட்டிக்கொண்டே வந்தாள். பஸ் கிளம்பிய பிறகும் கொஞ்ச தூரம் நடந்துகொண்டே திட்டினாள். அன்று ஷியாங் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்ததை டிரைவர் லியாவ் இன்றைக்கும் சொல்வார்.

கூந்தல் வளர்வது தெரிந்ததும் குவெய்லான் மூன்று நாளைக்கு ஒருமுறை அதை ஆற்றுக்குக் கொண்டுபோய்த் தன் கூந்தலோடு சேர்த்துக் கழுவி, மரச்சீப்பால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்து, நிழலில் உலர்த்தினாள். மகள் தலையில் நடப்பதெல்லாம் பெட்டியிலும் நடந்தது. இரண்டாம் ஆண்டு அது ஒரே நாளில் செம்பட்டையாயிற்று. அடுத்த வருஷம் சுருண்டது. குவெய்லான் ஒவ்வொரு தடவையும் யாவ்மெய்யின் போனை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

"ஏண்டி, தலையில என்னத்தப் பூசுன? மக்காச்சோள நாராட்டம் கெடக்குது!"

"கடையில புதுச் சாயம் வந்துதும்மா. யார் தலையிலயாவது போட்டுக் காட்டணுமில்ல?"

"ஒன் தலைதான் கெடச்சுதா அவனுங்களுக்கு? கழனித்தண்ணி அனுப்புறேன், ஊத்திக் கழுவு. ஊத்தலைன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

"ஒனக்குத் தெரியாம இருக்குமா? சரிம்மா."

ஜாடிகள் லியாவின் பஸ்ஸில் டவுனுக்குப் போய், அங்கிருந்து வேறு பஸ்ஸில் குவாங்சோவுக்குப் போயின. அந்த நாற்றத்தால் இரண்டு பயணிகள் பாதி வழியில் இறங்கிக்கொண்டார்கள் என்று லியாவ் புகார் சொன்னார். ஆனால் பெட்டியில் கூந்தல் மறுபடி கறுத்து நிமிர்ந்தது. அந்த மாதங்களில் குவெய்லான் ஊருக்குள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஐந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பெட்டிக் கூந்தல் உதிரத் தொடங்கியது. சீப்பை வைத்தால் கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. முடி உதிர்ந்தால் எங்கள் ஊர்க்காரருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்: கடைச்சரக்கு. காய்ச்சலா, கவலையா என்றுகூட நாங்கள் கேட்க மாட்டோம். குவெய்லானும் கேட்கவில்லை.

"அந்தக் கடைக்காரன் மருந்துதான ஒன் முடியத் திங்குது? உண்மையச் சொல்லு."

ஷியாங், "ஆமாம்மா. மருந்துதான். கொஞ்சம் காட்டமான மருந்து," என்றாள்.

"தூக்கிப் போட்டுத் தொலையேன்!"

"இன்னும் நாலு தடவ பாக்கி இருக்கும்மா. அப்புறம் நிறுத்திடுவாங்க."

குவெய்லான் புளிப்பைக் குறைத்து, இஞ்சியைக் கூட்டி, வாரம் ஒரு ஜாடி அனுப்பினாள். உதிர்ந்ததை எல்லாம் பொறுக்கித் தனிப்பிரியாகச் சேர்த்தாள். ஒருநாள் காலையில் பெட்டியைத் திறந்தபோது உதிர்ந்ததும் இல்லை, கட்டி வைத்ததும் இல்லை. சிவப்பு நூல் மட்டும் முடிச்சு அவிழாமல் கிடந்தது.

"மொட்ட அடிச்சுக்கிட்டியாடி?"

"இப்ப இங்க எல்லாரும் அப்படித்தாம்மா. அதான் ஃபேஷன்."

அதற்குப் பிறகு குவெய்லான் மகளிடம் பேசவில்லை. போன் வந்தால் யாவ்மெய்யிடம் கையாட்டி, "வயல்ல இருக்கேன்னு சொல்லு" என்பாள். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. ஆனால் ஜாடி அனுப்புவதை ஒரு வாரமும் நிறுத்தவில்லை. கோபத்திலும் மகள் தலையை அவள் கைவிடவில்லை என்று எழுதிவைக்கிறேன். அவள் தன்னைப் பற்றி வேறு மாதிரி சொல்லிக்கொள்கிறாள், அதை நீங்கள் நம்ப வேண்டாம்.

புத்தாண்டுக்குப் பத்து நாள் முன்னால், லியாவின் பஸ்ஸிலிருந்து மெங் என்ற பெண் இறங்கினாள். ஷியாங்கோடு கடையில் வேலை பார்த்தவள். ஒரு கையில் அஸ்தி வைத்த சிறு பெட்டி, மறு கையில் ஒரு மூடிய ஜாடி. பின்னால் லியாவ் ஒரு கூடை நிறையக் காலி ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் அழுதுகொண்டே வந்ததால் ஊருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ரத்தத்துல வந்த நோயிம்மா," என்றாள் மெங். "மருந்து ஏத்துனாங்க, அதுலதான் முடி போச்சு. முடியே இல்லாத தலையில மூணு நாளைக்கு ஒருக்கா நீங்க அனுப்புன தண்ணிய ஊத்திக்குவா. நர்ஸுங்க மூக்கப் பொத்திக்கிட்டுச் சத்தம் போடுவாங்க. ஊத்தலைன்னா எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிடும்னு சொல்லுவா."

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் திட்டுனேனே. வாய்க்கு வந்தபடி திட்டுனேனே!"

"திட்டணும்னுதாம்மா சொல்லல. இங்க எல்லாரும் எங்கிட்ட மெதுவாப் பேசுறாங்க, எங்கம்மா ஒருத்திதான் திட்டுதும்பா. கடைசி ரெண்டு மாசம் நீங்க பேசாம இருந்தீங்கல்ல, அப்பத்தான் ரொம்ப வாடிட்டா."

குவெய்லான் போட்ட சத்தத்தில் கீழ்வயலில் இருந்தவர்கள் மேலே ஓடிவந்தார்கள். அதை விவரிக்க எனக்கு மனம் வரவில்லை.

மெங் கொண்டுவந்த மூடிய ஜாடியில் பாதிக் கழுநீர் மிச்சமிருந்தது. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் குவெய்லான் அந்தச் சிவப்பு நூலை ஆற்றுக்குக் கொண்டுபோய், கழுவ ஒன்றுமில்லாவிட்டாலும், அந்தப் பாதி ஜாடியை ஊற்றிக் கழுவினாள். யாவ்மெய் பக்கத்தில் நின்றாள், கேலி செய்யவில்லை. அடுத்த மாதம் நூல் முடிச்சுக்குள்ளிருந்து அரை அங்குலம் முடி வந்திருந்தது. பச்சைக்குழந்தையின் முடி போல மெல்லியது, கறுத்தது, சாயம் படாதது.

இப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அது ஆறடியைத் தொட்டுவிட்டது. எங்கள் பெண்கள் தலையில் மூன்று பிரி, குவெய்லான் தலையில் நான்கு. மூன்றாம் மாதத்துக் கூந்தல் திருவிழாவுக்கு வருகிறவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டால், நாலாவது அவள் மகளுடையது, வயது குறைவு என்பதால் சிக்கு அதிகம் என்று சொல்வோம். மூன்று நாளைக்கு ஒருமுறை அவள் ஆற்றுக்கு வரும்போது, கழுவும் கல்லில் மற்ற பெண்கள் நகர்ந்து இரண்டு பேருக்கு இடம் விடுவார்கள். அவள் அந்தப் பிரியை மடியில் போட்டு, கழுநீரை ஊற்றி, ஆற்றின் அக்கரை வரை கேட்கும்படி திட்டத் தொடங்குவாள்.

"சிக்கப் பாரு, சிக்க! ராத்திரியெல்லாம் எங்கடி போய்ப் பொரண்ட? தலையக் குனி. குனிடின்னா!"

கூந்தல் அவள் கைக்குள் குனிகிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வளர்ச்சி மாதம் அரை அங்குலம்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.